நேற்று எந்த அடுப்பில் சமைத்தீர்கள்?

படிவத்தில் அது ஒன்பதாவது கேள்வி. கீழே நான்கு கட்டங்கள் இருக்கும். புதிய அடுப்பு, பழைய அடுப்பு, கேஸ், மற்றவை. ஒன்றுக்கு மேலும் டிக் செய்யலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். பதினான்கு மாதங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கோடி கிராமங்களில் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறேன்.

கடலாடிப் பக்கம் ஒரு வீடு. அந்த அப்பத்தாவுக்கு எழுபது வயது இருக்கும். எங்கள் நிறுவனம் ஆறு மாதங்களுக்கு முன்பு இலவசமாகக் கொடுத்த இரும்பு அடுப்பு திண்ணை மூலையில் கிடந்தது. அதன் வாய்க்குள் வைக்கோல் திணித்திருந்தார்கள். வைக்கோல்மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால், மூன்று கல் கூட்டிய அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"அப்பத்தா, நேத்து எந்த அடுப்புல சமைச்சீக?"

அவர் கோழியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க குடுத்த அடுப்புலதான்த்தா. எழுதிக்க. தெனமும்னே எழுதிக்க. இந்த வெயில்ல வந்திருக்க, ஒனக்கு வேலை போயிரக் கூடாதுல்ல."

நான் எழுதிக்கொண்டேன். முதல் கட்டத்தில் ஒரு டிக்.

அந்த டிக் எங்கே போகிறது என்று அப்போது எனக்கு முழுசாகத் தெரியாது. பயிற்சியில் சொன்னதெல்லாம் மேலோட்டமாகத்தான். புது அடுப்பு விறகைக் குறைவாக எரிக்கும், மரம் பிழைக்கும், பெண்களின் நுரையீரல் பிழைக்கும், உலகம் சூடாவது குறையும். மூன்றும் நல்லவை. எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தவளுக்கு, சம்பளத்தோடு சேர்த்து மூன்று நல்ல காரியங்கள் கிடைத்தால் வேண்டாம் என்றா சொல்வாள்?

விவரம் மெதுவாகத்தான் புரிந்தது. அடுப்பை இலவசமாகக் கொடுக்கும்போது வீட்டுக்காரரிடம் ஒரு தாளில் கையெழுத்தோ ரேகையோ வாங்குவோம். இந்த அடுப்பால் குறையும் கார்பனுக்கான உரிமையை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று அதில் இருக்கும். ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் ஒரு கார்பன் கிரெடிட். ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு, மூன்று டன் என்று கணக்கு எழுதுவது இப்படிப்பட்ட திட்டங்களில் சாதாரணம். அந்தக் கிரெடிட்டை எங்கோ ஒரு கம்பெனி வாங்கும். வாங்கிவிட்டு, நாங்கள் வெளியிட்ட புகையை ஈடுகட்டிவிட்டோம் என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்ளும். அதாவது அந்தப் புகை நிஜமாகவே வெளியே போய்விட்டது. அதற்கு ஈடாக நிற்பது கடலாடிப் பக்கத்து அப்பத்தாவின் அடுப்பு. அதற்குள் கோழி.

கணக்கு போடும் விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிக்கல் அதில்தான் இருக்கிறது. ஒரு வீடு முன்பு ஆண்டுக்கு எவ்வளவு விறகு எரித்தது, புது அடுப்பு அதில் எவ்வளவு மிச்சம் பிடிக்கும், அந்த விறகில் எத்தனை பங்கு திரும்ப வளராத மரத்திலிருந்து வந்தது, ஒரு கிலோ விறகு எரிந்தால் எவ்வளவு வாயு வரும், கொடுத்த அடுப்புகளில் எத்தனை நிஜமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. இந்த ஐந்தையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். பெருக்கல் என்பதால் ஒரு ஆபத்து உண்டு. ஒவ்வோர் எண்ணையும் கொஞ்சம் தாராளமாக, ஒன்றரை மடங்காக மட்டும் வைத்துக்கொண்டால்கூட, கடைசி விடை ஏழரை மடங்காகிவிடும். யாரும் பெரிய பொய் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து இடங்களில் ஐந்து பேர் கொஞ்சம் கொஞ்சம் இரக்கப்பட்டால் போதும். அப்பத்தா என்மேல் இரக்கப்பட்டார். நான் என் சூப்பர்வைசர்மேல். அவருக்கு மேலே யார் யார்மேல் இரக்கப்பட்டார்கள் என்று தெரியாது.

2024 தொடக்கத்தில் 'நேச்சர் சஸ்டைனபிலிட்டி' இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஆனலீஸ் கில்-வீல், டேனியல் கேமன், பார்பரா ஹயா மூவரும் எழுதியது. சமையலடுப்புத் திட்டங்களின் கிரெடிட்டுகளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்த திட்டங்களில், நிஜமாகக் குறைந்ததைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் கிரெடிட் எழுதப்பட்டிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில், அடுப்புக் கிரெடிட்டுகளுக்காகக் கணக்குகளைத் திரித்ததாக ஒரு நிறுவனத்தின் முன்னாள் தலைவர்மீது அமெரிக்காவில் குற்றச்சாட்டு பதிவானது. அது நான் வேலை பார்த்த நிறுவனம் இல்லை. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

கமுதிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மாவின் அடுப்படி வழியாக அரசாங்கத் திட்டங்கள் பல வந்துபோயிருக்கின்றன. நான் பிறப்பதற்கு முன்பு, எண்பதுகளின் கடைசியில், புகையில்லா அடுப்பு கட்டிக்கொடுத்தார்களாம். மத்திய அரசு 1983 வாக்கில் தொடங்கி 2002 வரை நடத்திய திட்டம் அது. நாடு முழுக்க மூன்று கோடிக்கு மேல் கட்டியதாகக் கணக்கு. எங்கள் வீட்டில் அது இரண்டு மழைக்காலம் தாங்கியது. புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டது. சுத்தம் செய்ய ஏணி போட்டுக் கூரையேற வேண்டும். அம்மா கூரையேறினால் ஊர் என்ன சொல்லும்? அப்பா ஏறவில்லை. கூரை மாற்றும்போது குழாயை எடுத்துவிட்டார்கள். பிறகு 2007 வாக்கில் மாநில அரசின் இலவச கேஸ் அடுப்பு வந்தது. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பால் காய்ச்சினார்.

அந்த அடுப்பு இன்னமும் இருக்கிறது. டீ போட, விருந்தாளி வந்தால் சமைக்க, மழைக்காலத்தில் விறகு நனைந்துவிட்டால். மற்றபடி சோறு, குழம்பு, குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி எல்லாம் விறகில்தான். கேஸ் புத்தகம் அம்மா பெயரில் இருக்கிறது. சிலிண்டர் எப்போது பதிவது என்று முடிவு செய்வது அப்பா. 2022இல் சிலிண்டர் விலை ஆயிரத்தைத் தாண்டியது. அப்போது தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்திருந்த கூலி 281 ரூபாய். ஏறக்குறைய நான்கு நாள் கூலி ஒரு சிலிண்டர். அப்பா கணக்கு ரொம்ப எளிமையானது. "வெறகு சும்மா கெடக்கு, கேஸுக்கு எதுக்கு ஆயிரம் ரூவா?"

விறகு சும்மா கிடக்கவில்லை. அம்மா வாரத்துக்கு இரண்டு நாள் விடிகாலையில் போய், முள்ளோடு மல்லுக்கட்டி வெட்டி, காயவைத்து, தலையில் சுமந்து வருகிறார். அவர் உள்ளங்கால் இரண்டிலும் முள் எடுத்த தழும்புகள் இருக்கின்றன. அந்த உழைப்புக்கு விலை பூஜ்யம் என்று வைத்தால்தான் விறகு சும்மா கிடைக்கும். இந்தப் பூஜ்யத்தை அப்பா மட்டும் போடவில்லை. சிலிண்டர் விலை ஏறும்போது ஏழை வீடுகள் 'தாமாகவே' விறகுக்குத் திரும்புகின்றன என்று எழுதுகிறவர்களும் அதையேதான் போடுகிறார்கள்.

குடும்ப நலக் கணக்கெடுப்பில், 2019-21இல், சமையலுக்குச் சுத்தமான எரிபொருள் பயன்படுத்தும் வீடுகள் இந்தியாவில் 58.6 சதவீதம், தமிழ்நாட்டில் 80ஐத் தாண்டுகிறது. அந்தக் கணக்கெடுப்பில் கேட்பது 'முக்கியமாக' எதில் சமைக்கிறீர்கள் என்று. யாராவது எங்கள் வீட்டில் வந்து கேட்டால் அம்மா கேஸ் என்றுதான் சொல்வார். விறகு என்று சொல்ல வெட்கம்.

2016 மே மாதம் உத்தரப்பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டமும் இதே இடத்தில்தான் முட்டி நிற்கிறது. பெண்கள் பெயரில் இணைப்பு. மூன்றே ஆண்டுகளில், 2019 செப்டம்பருக்குள், எட்டுக் கோடி இணைப்புகள். இவ்வளவு வேகமாக வேறெந்த நாடும் செய்ததாக நான் படித்ததில்லை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குடும்பங்கள் ஆண்டுக்கு வாங்கிய சிலிண்டர் சராசரியாக மூன்று, நான்கு. முழுச் சமையலும் கேஸில் நடக்க ஏழெட்டாவது வேண்டும். முதல் சிலிண்டரைக் கொண்டுவந்து வைப்பது ஒரு நாள் விழா. ஐந்தாவது சிலிண்டர் யார் பணத்தில் வரும், யார் முடிவெடுப்பார் என்பது வீட்டுக்குள் நடக்கும் அரசியல். பிறகு சிலிண்டருக்கு 200 ரூபாய், 300 ரூபாய் என்று மானியம் வந்தபோது வாங்குவது கொஞ்சம் கூடியது. காரணம் புரிந்துகொள்ளப் பெரிய ஆய்வு எதுவும் வேண்டியதில்லை.

விறகு என்று சொன்னேனே, அது என்ன மரம் என்பதும் இங்கே முக்கியம். சீமைக்கருவேலம். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெட்டினால் அடியிலிருந்து மறுபடி தழைக்கும். கண்மாய், தரிசு, சாலையோரம் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்ட மரம். அகற்றச் சொல்லி 2017இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையே உத்தரவு போட்டது. இந்த விறகை எரித்தால் வரும் கார்பன் டை ஆக்சைடில் பெரும்பங்கை, மறுபடி தழைக்கும் அதே மரம் இழுத்துக்கொள்ளும். ஆனால் எங்கள் திட்டத்தின் கணக்கில், விறகில் பத்தில் எட்டுப் பங்கு திரும்ப வளராத காட்டிலிருந்து வருவதாக வைத்திருந்தார்கள். 2015இல் ராபர்ட் பெய்லிஸும் மற்றவர்களும் செய்த ஆய்வின்படி, உலகம் முழுவதும் சேர்த்தே அந்தப் பங்கு பத்தில் மூன்றை ஒட்டித்தான் வருகிறது. நீதிமன்றம் ஒழிக்கச் சொன்ன முள்ளை அம்மா வெட்டிக் கொண்டுவருகிறார். கார்பன் கணக்கில் அவர் காட்டை அழிக்கிறவர்.

ஒரு கூட்டத்தில் இதைக் கேட்டேன். "இங்க எல்லாம் கருவேலம்தானே சார், வெட்ட வெட்ட வளருதே?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, அந்த எண் மேலிடத்தில் முடிவானது, களத்தில் இருப்பவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார்கள். அடுத்த வாரம் எங்களுக்கு வேறொரு பயிற்சி. பெண்களுக்குப் 'போதிய விழிப்புணர்வு இல்லாததால்' அடுப்புப் புழக்கம் குறைகிறது, ஆகவே விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும். பொம்மலாட்டம்கூட வைத்தோம். பொம்மலாட்டம் நன்றாக இருந்தது, பிள்ளைகள் ரசித்தார்கள்.

விழிப்புணர்வுக்கு என்ன குறைச்சல்? புது அடுப்பின் வாய் சின்னது, கட்டையைச் சின்னதாகப் பிளந்தால்தான் நுழையும். பிளப்பது யார்? பெரிய பானை அதன்மேல் நிற்காது, பத்துப் பேருக்கு வடிக்கிற வீட்டில் என்ன செய்வது? ஒரே ஒரு கண்தான். சோறு ஒன்றில், குழம்பு இன்னொன்றில் என்று ஒரே நேரத்தில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவளுக்கு ஒரு கண் போதாது. இதையெல்லாம் பெண்கள் என்னிடம் சொன்னார்கள். படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. ஒடிஷாவில் ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் சுமார் 2,600 வீடுகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மேம்பட்ட அடுப்பு கொடுத்த முதல் ஆண்டில் சமைக்கும் பெண் உள்ளிழுக்கும் புகை குறைந்தது. பிறகு அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. உடல்நலத்திலும் மாற்றமில்லை, பசுங்குடில் வாயுவிலும் மாற்றமில்லை. ஆய்வுக்கூடத்தில் வெப்பமானியோடு சோதித்த அடுப்பு வேறு, மருமகளும் மாமியாரும் மாறி மாறிப் புழங்கும் அடுப்பு வேறு.

அப்படியென்றால் காலநிலைக் கொள்கை எல்லாமே கண்துடைப்பா? வேலையை விட்ட புதிதில் நானும் அப்படித்தான் பேசித் திரிந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. 2024 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு ஆய்வில், 41 நாடுகள் 1998 முதல் 2022 வரை கொண்டுவந்த 1,500 காலநிலைக் கொள்கைகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வெளியேற்றம் பெரிய அளவில் குறைந்த இடங்கள் என்று தேறியவை 63தான். முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, எங்கள் ஊர் சங்கக் கடன் வசூல்கூட இதைவிட மேல். ஆனால் அந்த 63ஐப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு திட்டம் தனியாக நின்று வெல்லவில்லை. வரியோ விலையோ ஒரு பக்கம், கட்டாய விதி ஒரு பக்கம், மாற்று வழிக்கு உதவி ஒரு பக்கம் என்று சேர்ந்து வந்தபோதுதான் புகை குறைந்திருக்கிறது. பிரிட்டன் 2012இல் ஏறக்குறைய நாற்பது சதவீத மின்சாரத்தை நிலக்கரியில் எடுத்தது. 2013இல் மின்நிலையங்களின் கார்பனுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தார்கள். 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடினார்கள். புகைபோக்கியிலேயே அளக்க முடிகிற, யாருடைய இரக்கத்தையும் நம்பியிராத குறைப்பு அது.

எங்கே புகை அதிகமோ அங்கே கைவைத்த கொள்கைகள் வேலை செய்திருக்கின்றன. அம்மாவின் அடுப்படியில் கைவைத்து, அதை எங்கோ இருக்கும் புகைக்கு ரசீதாக மாற்றியது வேலை செய்யவில்லை.

கேஸும் பெட்ரோலியம்தானே, அதைப் பெண்களுக்குக் கொடு என்று காலநிலை பேசுகிறவள் கேட்கலாமா என்று ஒரு தோழி என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்வி. 14.2 கிலோ சிலிண்டர் முழுக்க எரிந்தால் சுமார் 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பதினெட்டு லிட்டர் பெட்ரோல் எரிந்தாலும் அதே அளவு. அம்மா ஆண்டுக்குப் பத்து சிலிண்டர் எரித்தாலும் அரை டன்னுக்குள் அடங்கும். சர்வேக்காக நான் வாங்கிய ஸ்கூட்டி மாதம் முப்பது லிட்டர் குடித்தது. ஒரு மாதத்தில் ஒன்றரை சிலிண்டருக்கு மேல். உலகத்தைக் காப்பாற்ற அம்மாவின் அடுப்பைக் கணக்கெடுக்கப் போன வண்டி, அம்மா கேஸில் முழுச் சமையல் செய்திருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட அதிகம் புகைத்தது. கர்க் ஸ்மித் என்ற அறிவியலாளர் எண்பதுகளின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் எவ்வளவு புகையை உள்ளே இழுக்கிறார்கள் என்று முதன்முதலாக அளந்தவர்களில் ஒருவர். அவரே 2002இல், உலக ஏழைகள் எல்லாரும் கேஸுக்கு மாறினாலும் காலநிலைக்குப் பெரிய கேடு வராது, பெட்ரோலியத்தை எதற்காவது செலவழிக்கலாம் என்றால் அது இதற்குத்தான் என்ற பொருளில் எழுதினார். அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அம்மாவின் இருமலுக்கு மருந்து கேட்கப் போனபோது டாக்டர் முதலில் கேட்டது, "ஒங்க வீட்டுக்காரர் பீடி குடிப்பாரா?"

எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது, சுமார் 2,500 ஏக்கரில். சாலையில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பலகைகள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். ஒரு நாள் காலை அம்மாவோடு அந்தப் பக்கம் போனபோது அவர் விறகுக் கட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல சோறு பொங்கலாமாத்தா?" என்றார். பொங்கலாம்மா, கரண்ட் அடுப்பு இருக்கிறது என்றேன். "கரண்டு பில்லு?" என்றார். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்றாலும், தினமும் முழுச் சமையலையும் அதில் வைத்தால் நூறுக்குள் நிற்காது. என்னிடம் பதில் இல்லை.

வேலையிலிருந்து நான் ராஜினாமா செய்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. கடைசி இரண்டு மாதங்களில், பார்த்ததை மட்டும் எழுதினேன். அடுப்பைத் தொட்டுப் பார்ப்பேன், சாம்பல் இருக்கிறதா என்று பார்ப்பேன், இல்லையென்றால் இல்லை என்றுதான் டிக். என் பகுதியில் மட்டும் புழக்கம் திடீரென்று பாதிக்கும் கீழே போனது. என் களப்பணியில் தரக்குறைவு என்று அந்தப் படிவங்களை ஒதுக்கி வைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்தபோது நீட்டிக்கவில்லை. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் நான் அடித்த டிக்குகள் அப்படியே இருக்கின்றன. அவை என்றோ டன்களாகி, விற்று, எங்கோ எரிந்து முடிந்திருக்கும். அவற்றைத் திரும்ப எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

இப்போது வேறு வேலை, சின்னச் சம்பளம். மாதம் ஒரு சிலிண்டர் என் கணக்கில். பதிவது என் போனில், பணம் கட்டுவதும் நான். அப்பா முதலில் முகம் சுளித்தார், மண்சட்டிக் குழம்பு விறகில் வைத்தால்தான் ருசி என்றார். சரிப்பா, அப்ப நீங்களே வெறகு வெட்டிட்டு வாங்க என்றேன். ஒரு வாரம் வெட்டினார். பிறகு கேஸில் வைத்த குழம்பும் பரவாயில்லை என்றாகிவிட்டது. வெந்நீரும் மாட்டுக் கஞ்சியும் இன்னும் விறகில்தான். இருமல் குறைந்திருக்கிறது, போகவில்லை.

போன மாதம் அம்மா போனில் சொன்னார், வேறு ஏதோ ஒரு திட்டமாம், அடுப்பு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இப்போது ஒரு பெண் கேள்வி கேட்க வந்ததாம்.

"என்னம்மா சொன்னீங்க?"

"தெனமும் அதுலதான் சமைக்கிறேன்னு சொன்னேன்."

"ஏம்மா?"

"சின்னப் பிள்ள பாப்பா. வெயில்ல மொகமெல்லாம் கருத்துப் போயி வந்து நிக்கிது. நீயும் இப்புடித்தான அலைஞ்ச." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார், "சிலிண்டரு பதிஞ்சிட்டியா?"